ஆள் மாறிய பிறகு வந்த ஆல்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் ஒரு ஜவுளிக் குடோனுக்கு மேலே உள்ள அறையில் நான் கிட்டார் சொல்லித் தருகிறேன். சனிக்கிழமை பொழுதோட வகுப்பு முடிந்தாலும் யாரும் கிளம்புவதில்லை. ஒரு ராக் ஆல்பத்தை எடுத்து, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒட்டுக்கா உட்கார்ந்து கேட்போம். பவானி, பெருந்துறை, கோபியிலிருந்து பழைய மாணவர்களும் வருவார்கள். எந்த ஆல்பத்தைப் போட்டாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: பழைய ஆட்களே இல்லையே, இதை அந்தக் குழுவின் ஆல்பம் என்று எப்படி ஏற்றுக்கொள்வது? பல வருடமாக வாயால் சொல்லி வந்த பதில்களை இப்போது எழுதி வைக்கிறேன். கேள்விகள், கேட்டவர்கள் கேட்டபடியே.

ஏனுங்ணா, ஆளுங்க மாறிட்டா அது அதே பேண்ட் தானுங்களா?

பெரும்பாலும் ஆமாம். நாம் "ஒரிஜினல்" என்று மனதில் வைத்திருக்கும் வரிசையே பல நேரம் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ அமைந்ததுதான். டீப் பர்ப்பிள் 1968-இல் தொடங்கியபோது பாடியவர் ராட் எவன்ஸ். பாடகர் இயன் கில்லனும், பேஸ் என்ற கனத்த ஒலிக் கிட்டார் வாசிக்கும் ரோஜர் குளோவரும் 1969-இல் வந்தவர்கள். எல்லோரும் கொண்டாடும் 'மெஷின் ஹெட்' ஆல்பம் வந்தது 1972-இல். இன்றுவரை எல்லா ஆல்பத்திலும் இருக்கும் ஒரே ஆள் டிரம்மர் இயன் பெய்ஸ். அயர்ன் மெய்டனின் முதல் இரண்டு ஆல்பங்களில் பாடியவர் பால் டியானோ, புரூஸ் டிக்கின்சன் இல்லை. ஃபிளீட்வுட் மேக் 1967-இல் ப்ளூஸ் குழுவாகத் தொடங்கியது. 1977-இல் 'ரூமர்ஸ்' வந்தபோது அதில் பாட்டெழுதிப் பாடிய மூவரில் ஒருவர்கூடத் தொடக்கத்தில் இருந்தவர் இல்லை. குழுவுக்குத் தங்கள் பெயரைத் தந்த டிரம்மரும் பேஸ் வாசித்தவரும்தான் மிச்சம்.

அதனால் "அசல் போயிருச்சு" என்று யாராவது சொன்னால், எந்த அசல் என்று நான் திருப்பிக் கேட்பேன். அவர்கள் முதலில் போட்ட ஆல்பமா, நீங்கள் முதலில் கேட்ட ஆல்பமா?

லைன்-அப் லைன்-அப்னு சொல்றீங்க. பாடுறவர் மாறினா மட்டும்தான் இவ்ளோ பேச்சுங்களா?

லைன்-அப் என்றால் யார் யார் எந்த வாத்தியத்தில் என்ற அணிவரிசை. பாடகர் மாறினால் ரோட்டில் போகிறவருக்கும் தெரியும், அதனால் பேச்சு அதைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் நம் கோயில் நோம்பியில் துடும்பு அடிக்கும் குழுவைப் பாருங்கள். முன்னால் ஆடி அடிக்கிறவரைத்தான் கூட்டம் பார்க்கும். பின்னால் ஒரே அடியை விடாமல் பிடித்திருப்பவர் ஒரு நாள் வராவிட்டால் முன்னால் ஆடுகிறவர் காலே தடுமாறும்.

ஏசி/டிசி குழுவில் அந்தப் பின்னாலிருந்த ஆள் மால்கம் யங். ரிதம் கிட்டார், அதாவது பின்னால் தாளத்தைப் பிடித்து வாசிக்கும் கிட்டார். உடல்நிலையால் 2014-இல் அவர் விலகினார். அவருடைய அண்ணன் மகன் ஸ்டீவி அந்த இடத்துக்கு வந்தார். கையை வீசும் விதம் வரை குடும்பத்திலேயே இருந்ததால்தான் அந்த மாற்றம் பலருக்குத் தெரியாமல் போனது என்பது என் எண்ணம்.

யாரு வாசிக்கிறாங்கன்னே தெரியாம கேட்டா வித்தியாசம் தெரியுமுங்களா?

இதை நானே அனுபவித்திருக்கிறேன். தொண்ணூறுகளில் இங்கே ஒரு ரெக்கார்டிங் சென்டரில் 90 நிமிடக் கேசட்டில் இரண்டு ஆல்பம் பதிந்து தருவார்கள். எனக்கு ஒரு பக்கம் டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்', மறுபக்கம் 1974-இல் வந்த 'பர்ன்'. அட்டையில் பால்பாயிண்ட் பேனாவில் குழுவின் பெயர் மட்டும். ஒரு வருடத்துக்கு மேல் இரண்டும் அதே ஐந்து பேர் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆனால் மறுபக்கத்தைப் போட்டதும் ஏதோ ஒன்று வேறு என்பது காதுக்குத் தெரிந்தது. இரண்டு குரல் மாறி மாறி வருகிறது, பேஸ் கிட்டார் கூடுதலாக ஆடுகிறது. டேவிட் கவர்டேலும் கிளென் ஹியூஸும் புதிதாக வந்து இருவருமே பாடுகிறார்கள் என்ற விவரம் கோவையில் கல்லூரி சேர்ந்த பிறகு, ஒரு சீனியரிடமிருந்த ஒரிஜினல் கேசட்டின் உள்தாளைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதற்குள் அந்த ஆல்பம் எனக்குள் ஊறிவிட்டது. பெயர்களைப் படித்த பிறகு அதைத் தூக்கியெறிய மனம் வரவில்லை. அதனால் மாணவர்களிடம் சொல்வேன்: முதலில் கேளுங்கள், அப்புறம் பெயர்களைப் படியுங்கள்.

பாடுனவர் செத்து அஞ்சு மாசத்துல ஆல்பம் போடுறாங்க. இது மனசாட்சி உள்ள வேலைங்களா?

ஏசி/டிசி-யைத்தான் கேட்கிறீர்கள். பான் ஸ்காட் இறந்தது 1980 பிப்ரவரியில். பிரையன் ஜான்சன் பாடிய 'பேக் இன் பிளாக்' அதே ஆண்டு ஜூலையில் வந்தது. அட்டை முழுக்கக் கறுப்பு, துக்கத்துக்காக. முதல் பாட்டு கோயில் மணி போல ஒரு பெரிய மணி மெதுவாக அடிப்பதில் தொடங்குகிறது. அதை அவசரம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. எங்கள் பக்கம் துக்கம் நடந்த வீட்டிலும் பொழுது விடிந்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், பால் கறக்க வேண்டும். அதைச் செய்கிறவர் அழவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதே 1980-இல் வேறு இரண்டு குழுக்கள் வேறு முடிவு எடுத்தன. லெட் செப்பலின் டிரம்மர் ஜான் பான்ஹாம் செப்டம்பரில் இறந்தார்; டிசம்பரில் குழுவே முடிந்தது என்று மற்ற மூவரும் அறிவித்தார்கள். ஜாய் டிவிஷன் பாடகர் இயன் கர்ட்டிஸ் மே மாதம் இறந்தார். மிஞ்சியவர்கள் நியூ ஆர்டர் என்று புதுப் பெயரில் தொடர்ந்தார்கள். தொடர்ந்ததும் நிறுத்தியதும் பெயரை மாற்றியதும் எல்லாமே எனக்கு நேர்மையான முடிவுகளாகத்தான் படுகின்றன. இழந்தவர்கள் அவர்கள். எத்தனை நாள் துக்கம் காக்க வேண்டும் என்று கேட்கிற நாம் சொல்ல முடியாது.

அப்ப பேர் கையில இருந்தா யார் வேணும்னாலும் ஆல்பம் போட்டுக்கலாமுங்களா?

இல்லை. நாம் மேலே பார்த்த ராட் எவன்ஸ், 1980-இல் யாருக்கும் தெரியாத ஆட்களைச் சேர்த்துக்கொண்டு டீப் பர்ப்பிள் என்ற பெயரில் அமெரிக்காவில் கச்சேரி செய்தார். விஷயம் நீதிமன்றம் போய், அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. 1974-இல் ஃபிளீட்வுட் மேக்கின் மேலாளர், பெயர் தனக்குச் சொந்தம் என்று சொல்லி வேறொரு கூட்டத்தையே அந்தப் பெயரில் அமெரிக்காவுக்கு அனுப்பினார். மேடையில் நின்றவர்களைப் பார்த்த கூட்டத்துக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

சட்டப்படி சரியாக இருந்தும் பொருந்தாமல் போவதும் உண்டு. பிளாக் சப்பாத்தின் 1986 ஆல்பம் 'செவன்த் ஸ்டார்' கிட்டார் வாசிக்கும் டோனி அயோமியின் தனி ஆல்பமாகத்தான் உருவானது. கம்பெனி வற்புறுத்தியதால் சப்பாத் பெயரில் வந்தது. அதில் நல்ல பாட்டு இருக்கிறது. ஆனால் சப்பாத்தைத் தேடிப் போனால் கிடைக்காது. பின்னாளில் அதே அயோமி, கீசர் பட்லர், ரானி ஜேம்ஸ் டியோ, வின்னி அப்பிஸ் நால்வரும் சேர்ந்தபோது தங்களை 'ஹெவன் அண்ட் ஹெல்' என்று அழைத்துக்கொண்டார்கள். இதே நால்வர் 1992-இல் சப்பாத் என்ற பெயரிலேயே ஆல்பம் போட்டவர்கள். முதல் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் பாடிய சப்பாத்தோடு கேட்பவர்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று பெரிய பெயரைத் தாங்களே ஒதுக்கி வைத்தார்கள். அந்த மரியாதைக்காகவே எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

சரிங்ணா, சுத்தி வளைக்காம சொல்லுங்க. ஒரு ஆல்பம் உண்மையானதான்னு நீங்க எப்படிக் கண்டுபுடிக்கிறீங்க?

குமாரபாளையத்தில் என் மாமா தறி வைத்திருந்தார். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், தீர்ந்துபோனால், புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய பாவின் நுனியோடு முறுக்கிச் சேர்ப்பார்கள். நூற்றுக்கணக்கான இழை, ஒவ்வொன்றாக. சேர்த்த இடம் தறியைத் தாண்டிப் போகும்வரை துணியில் அது தெரியும். பிறகு புதுத் துணி ஓடும். ஆள் மாறிய குழுவின் முதல் ஆல்பத்தில் நான் தேடுவது அந்தச் சேர்ந்த இடத்தைத்தான். அது தெரிவது குறையே இல்லை. தெரியவே கூடாது என்று மறைத்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

எப்படித் தேடுவது? வந்தவர் தன் குரலில் பாடுகிறாரா, போனவர் குரலில் பாடுகிறாரா என்று பார்ப்பேன். மெல்லிசைக் குழுக்களில் பாடகருக்கு ஏற்பக் கட்டையை, அதாவது சுருதியைக் கூட்டிக் குறைப்பது சாதாரணம். டிக்கின்சன் விலகிய பிறகு அயர்ன் மெய்டனுக்கு 1994-இல் வந்த பிளேஸ் பேய்லியின் குரல் கனமானது, கீழ்த்தாயியில் நிற்பது. 1995-இல் வந்த 'தி எக்ஸ் ஃபேக்டர்' அந்தக் குரலுக்கென்றே இருட்டாக, நிதானமாக எழுதப்பட்ட ஆல்பம். அது உண்மையானது என்று நான் எந்தச் சபையிலும் சொல்வேன். மேடையிலோ டிக்கின்சனுக்காக எழுதிய உச்சத்தாயிப் பாட்டுகளை அவரைப் பாட வைத்தார்கள். அங்கே அவர் திணறினார். ரசிகர்கள் மேடையைப் பார்த்துவிட்டு ஆல்பத்தையும் சேர்த்துத் திட்டினார்கள்.

மறுபக்கம் மெட்டாலிகா. பேஸ் வாசித்த கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் பஸ் விபத்தில் இறந்தார். ஜேசன் நியூஸ்டெட் வந்தார். 1988 ஆல்பமான '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' கேட்டுப் பாருங்கள்: பேஸ் கிட்டார் கிட்டத்தட்டக் காதில் விழவே விழாது. வாசித்தது அவர்தான், பதிந்ததும் உண்மைதான். ஆனால் எல்லா வாத்தியச் சத்தத்தையும் ஒன்றாகச் சேர்க்கும் கலவையில் அவரை அமுக்கிவிட்டார்கள். பாட்டுகள் பெரியவை, அதை மறுக்கவில்லை. வந்தவரை வீட்டுக்குள் விட்டு உட்காரச் சொல்லாத ஆல்பம் அது.

ரோஜர் வாட்டர்ஸ் இல்லாத பிங்க் ஃபிளாய்டு பிங்க் ஃபிளாய்டே இல்லன்னு எங்க செட்ல ஒருத்தன் சண்டைக்கு வர்றானுங்க. அவனுக்கு என்ன சொல்றது?

அவர் சொல்வதில் பாதி சரி. பாட்டெழுதி, பேஸ் வாசித்த வாட்டர்ஸ் 1985-இல் விலகினார். 1987-இல் வந்த 'எ மொமென்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்' பெரும்பகுதி கிட்டார் வாசிக்கும் டேவிட் கில்மரும் வெளியிலிருந்து வந்த ஸ்டூடியோ வாத்தியக்காரர்களும் சேர்ந்து செய்தது. டிரம்மர் நிக் மேசனும் கீபோர்டு ரிச்சர்ட் ரைட்டும் அதில் வாசித்தது கொஞ்சம்தான். 2019-இல் அதே ஆல்பத்தை மறுபடி கலவை செய்தபோது மேசனின் டிரம்ஸைப் புதிதாகப் பதிந்து சேர்த்தார்கள், ரைட்டின் வாசிப்பையும் மேலே கொண்டு வந்தார்கள். முதலில் வந்தது முழுக் குழுவின் சத்தமாக இல்லை என்பதை இதைவிட வெளிப்படையாக யாரும் ஒப்புக்கொள்ள முடியாது.

ஆனால் அவரிடம் இதையும் கேளுங்கள். 1983-இல் வாட்டர்ஸ் இருந்தபோது வந்த 'தி ஃபைனல் கட்' ஆல்பத்தில் ரைட் இல்லவே இல்லை. அவரை வெளியேற்றியதே வாட்டர்ஸ்தான். அது மட்டும் முழுப் பிங்க் ஃபிளாய்டா? 1994-இல் வந்த 'தி டிவிஷன் பெல்'லில் ரைட் பாட்டுகளில் பங்கெடுத்திருக்கிறார், ஒரு பாட்டை முன்நின்று பாடியும் இருக்கிறார். மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்த பிறகு வந்த பாட்டுகள் அவை. என் கணக்கில் 1987 அரைக் குழு, 1994 முழுக் குழு.

எமிலி பாடுறது நல்லாத்தான் இருக்குங்ணா. ஆனா செஸ்டர் இல்லாம லிங்கின் பார்க் கேக்குறப்போ குத்தம் பண்ற மாதிரியே இருக்கு. நான் கேக்கறது தப்புங்களா?

தப்பே இல்லை, அம்மிணி. திருப்பூரிலிருந்து வரும் ஒரு மாணவி கேட்டது இது. கேட்கும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.

செஸ்டர் பென்னிங்டன் 2017 ஜூலையில் போனார். எமிலி ஆம்ஸ்ட்ராங் பாடிய 'ஃபிரம் ஜீரோ' 2024 நவம்பரில் வந்தது. நடுவில் ஏழு வருடம். செஸ்டரைப் போலவே கத்தும் ஒரு பையனைத் தேடிப் பிடித்திருக்கலாம், அவர்கள் அதைச் செய்யவில்லை. ஒரு பெண் குரலைக் கொண்டு வந்து, அந்தக் குரலை அதன் போக்கில் விட்டிருக்கிறார்கள். தறி பற்றி மேலே சொன்னதை இதில் பொருத்திப் பாருங்கள். சேர்ந்த இடம் வெளியே தெரிகிறது. ஆல்பத்தின் பெயரும், செஸ்டர் வருவதற்கு முன்பு குழுவுக்கிருந்த 'ஜீரோ' என்ற பெயரைத் திரும்பிப் பார்க்கிறது. அந்த நாளில் அங்கே பாடியது வேறொருவர். செஸ்டரும் ஒரு காலத்தில் புதிதாக வந்தவர்தான்.

பழைய பாட்டுகளை எமிலி மேடையில் பாடுவதைக் கேட்க முடியவில்லை என்றால் கேட்க வேண்டாம். என்னாலும் சிலவற்றைக் கேட்க முடியவில்லை. புது ஆல்பத்தை மட்டும் கேளுங்கள். அது அவர் பாடுவதற்கென்றே பிறந்தது.

எல்லாம் வெளிநாட்டுக் கதையாவே இருக்குதுங்க. நம்ம நாட்டுல இப்படி ஒரு பேண்ட் இல்லீங்களா?

டெல்லியின் இந்தியன் ஓஷன். தபலா வாசித்துக்கொண்டே பாடிய அஷீம் சக்கரவர்த்தி 2009 டிசம்பரில் இறந்தார். அவர் ஒருவர் செய்த வேலைக்கு இரண்டு பேர் வந்தார்கள்: பாட ஒருவர், தபலாவுக்கு ஒருவர். அந்த ஒரு விவரமே அவர் யார் என்பதைச் சொல்லிவிடும். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிட்டார் கலைஞர் சுஷ்மித் சென்னும் 2013-இல் விலகினார். 2014-இல் 'தண்டனு' வந்தது, வெளியிலிருந்து வேறு வேறு கலைஞர்களை அழைத்துச் சேர்ந்து வாசித்த ஆல்பம். 2000-இல் வந்த 'கந்தீசா'வில் கிட்டாரும் தபலாவும் பேசிக்கொண்டதைப் போல இதில் பேசிக்கொள்ளவில்லை. பதிலுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நான் 'கந்தீசா'வைத்தான் அடிக்கடி எடுப்பேன், ஆனால் மற்றதைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

அண்ணன்மார் கதை உடுக்கைப் பாட்டுல எத்தனை தலைமுறை ஆளு மாறிட்டாங்க. அதை யாரும் போலின்னு சொல்றதில்லையே. ராக்குக்கு மட்டும் ஏனுங்க இந்தக் கேள்வி?

இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. கேட்டவர் காங்கேயம் பக்கத்துப் பெரியவர், மகனைக் கூட்டிவர வந்தவர். அண்ணன்மார் என்கிற பொன்னர் சங்கர் கதை ஊருக்குச் சொந்தம். பாடுகிறவர் அதை வாங்கி, பாடி, அடுத்தவரிடம் கொடுக்கிறார். ஆள் மாறுவது அந்தக் கலையின் இயல்பு. ராக் ஆல்பம் அப்படி இல்லை. நான்கைந்து பேர் ஒரு அறையில் அடைந்து கிடந்து, சண்டை போட்டு, தங்கள் வாழ்க்கையிலிருந்து எடுத்துச் செய்தது. அதில் ஒருவர் போனால் கதையில் ஒரு பங்கே போய்விடுகிறது. அதனால் கேள்வி நியாயமானதுதான்.

ஆனால் உடுக்கைப் பாட்டிலும் ஒன்று உண்டு. குருவை அப்படியே பாடிக் காட்டும் சீடனைப் பெரியவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அண்ணன்மார் போரில் விழும் படுகளக் கட்டத்தில் கேட்பவர் அழுவது அந்தப் பாடகர் தன் தொண்டையில் பாடும்போதுதான்.

பழையவர் திரும்பி வந்துட்டா எல்லாம் சரியாயிருமுங்களா?

எப்போதும் இல்லை. 2013-இல் ஓஸியோடு வந்த சப்பாத் ஆல்பத்தில் டிரம்மர் பில் வார்ட் இல்லாதது எனக்கு இன்னும் உறுத்துகிறது. நன்றாக நடந்தது அயர்ன் மெய்டனில். 1999-இல் டிக்கின்சனும் கிட்டார் ஏட்ரியன் ஸ்மித்தும் திரும்பினார்கள். ஸ்மித்தின் இடத்தில் இருந்த யானிக் கெர்ஸை அனுப்பிவிடவில்லை. மூன்று கிட்டாரோடு 2000-இல் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' வந்தது. 2007 மார்ச்சில் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அந்த மூன்று கிட்டாரையும் நேரில் கேட்க இங்கிருந்து ஐந்து பேர் ராத்திரி பஸ்ஸில் போனோம்.

ஏஐ வச்சு செத்தவர் குரலையே கொண்டு வந்துட்டா ஆள் மாறுற பிரச்சினையே இல்லீங்களே?

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. குவீன் குழுவின் ஃபிரெடி மெர்க்குரி 1991-இல் இறந்தார், அவர் குரலோடு 'மேட் இன் ஹெவன்' 1995-இல் வந்தது. அது எப்படி வந்தது என்று பாருங்கள். நோய் முற்றிய நிலையிலும், என்னால் முடிந்தவரை பாடிவிடுகிறேன், நீங்கள் பிறகு முடித்துக்கொள்ளுங்கள் என்று அவரே நண்பர்களிடம் சொல்லிப் பாடியது. ஒரு பாட்டின் கடைசிச் சரணத்தை அவரால் பாட முடியவில்லை. அதைப் பிரையன் மே தன் குரலில் பாடினார். ஃபிரெடியின் குரல் நின்ற இடம் அந்தப் பாட்டில் அப்படியே இருக்கிறது. இயந்திரத்தை வைத்து அந்தச் சரணத்தையும் ஃபிரெடி குரலில் முடித்திருந்தால், அவர் கடைசியாக மூச்சுவிட்ட இடத்தை நாமே அழித்திருப்போம்.

நீங்க காலேஜ்ல பேண்ட் வச்சிருந்தீங்கன்னு சொன்னாங்க. உங்க பாடகர் போனப்ப என்ன பண்ணுனீங்க?

தப்பு செய்தோம். கோவையில் நான் பேஸ் வாசித்த குழுவில் பாடகர் வேலை கிடைத்து வெளிநாடு போனார். பொள்ளாச்சியிலிருந்து ஒரு தம்பி வந்தான். இதமான, மெல்லிய குரல். "பழையவர் மாதிரி அடித்தொண்டையில் பாடு" என்று சொன்னது நான்தான். எங்கள் சொந்தப் பாட்டுகள் நான்கைப் பதிந்தோம். ஆறே மாதத்தில் அவன் வருவதை நிறுத்திவிட்டான்.

அந்தப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்றாவது பாட்டின் நடுவில், ரெண்டு வரி மட்டும், அவன் மறந்துபோய்த் தன் குரலில் பாடியிருக்கிறான். அந்த ரெண்டு வரிதான் நான்கு பாட்டிலும் உயிருள்ள இடம். மேலே தறியையும் கட்டையையும் பற்றிச் சொன்னதெல்லாம் புத்தகத்தில் படித்ததில்லை, அங்கே கற்றது.

எம் பையன் புது ஆல்பத்தைத்தான் முதல்ல கேட்டான். அவனுக்கு அதுதான் ஒரிஜினலாம். அவனை எப்படிங்க திருத்துறது?

திருத்த வேண்டாம். முதல் கேள்விக்குச் சொன்ன பதில் அவனுக்கும் பொருந்தும். அவன் காது அங்கிருந்து தொடங்குகிறது. உங்களுடையது வேறு இடத்தில் தொடங்கியது. ரெண்டு ஆல்பத்தையும் எடுத்துக்கொண்டு அவனையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை வாருங்கள். முதலில் அவனுடையதைப் போடுவோம்.